மோட்டார் அம்மிணி

சாந்தாமணியின் குரல்வளையை டாக்டர்கள் அறுத்து எடுத்த அந்தப் புதன்கிழமை காலையில், கோயமுத்தூர் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் அவளுடைய புருஷன் திருமூர்த்தி அவளது செருப்பையும் கண்ணாடி வளையல்களையும் ஒரு துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே நேரத்தில், அங்கிருந்து நாற்பது மைலுக்குத் தெற்கே, உடுமலைப் பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்றில் நாச்சிமுத்து என்ற விவசாயிக்கு அவருடைய மோட்டார் ஸ்டார்ட்டரிலிருந்து போன் வந்தது. எப்போதும் வருகிற போன்தான். கரண்ட் வந்தால் வரும், மோட்டார் ஓடத் தொடங்கினால் வரும், நின்றால் வரும், ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருக்கிற சிம் கார்டு தானாகக் கூப்பிட்டு, ஒரு பெண்ணின் குரலில், "வணக்கம். உங்கள் மோட்டார் இயக்கப்பட்டது" என்று சொல்லிவிட்டு வைத்துவிடும். அன்றைக்கு அந்தக் குரல் வணக்கம் சொல்லவில்லை. "ரொம்ப வலிக்குதுங்க" என்றது.

நாச்சிமுத்து மடை மாற்றிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். "எங்கீங் அம்மிணி வலிக்குது?" என்று கேட்டார். அதற்குள் போன் கட்டாகிவிட்டது. நடந்துபோய் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஒயர்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன, ஒரு பல்லி மட்டும் ஓடியது. "பாவம்" என்று சொல்லி, பெட்டிக்கு வெயில் படாமல் ஒரு தென்னை ஓலையை மேலே போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். அதே நிமிஷத்தில் பொள்ளாச்சியிலும் பல்லடத்திலும் தாராபுரத்திலும் காங்கேயத்திலும் அதே கம்பெனி ஸ்டார்ட்டர் மாட்டியிருந்த பன்னிரண்டாயிரம் தோட்டங்களில் பன்னிரண்டாயிரம் போன்கள் அடித்து அதே வார்த்தையைச் சொல்லின; யாரும் திகைத்துப்போய் நிற்கவில்லை. மின்சாரம் ஏறி இறங்கினால் மெஷினுக்கும் வலிக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மயக்க மருந்து கொடுத்திருந்ததால் அவளுக்கு வலியே தெரிந்திருக்காது என்று திருமூர்த்தியிடம் டாக்டர் சொன்னார். அவரும் நம்பினார்.

அந்தக் குரல் பெட்டிக்குள் போனது பதினைந்து வருஷத்துக்கு முன்னால். சாந்தாமணி அப்போது கோயமுத்தூரின் கணபதிப் பகுதியில், ஸ்டார்ட்டர் செய்கிற அந்தச் சின்னக் கம்பெனியில் போர்டுகளுக்கு ஈயம் பற்றவைக்கிற வேலை பார்த்தாள். போனில் பேசுகிற ஸ்டார்ட்டர் ஒன்றைப் புதிதாகக் கண்டுபிடித்திருந்த இன்ஜினியர் கிருபாகரன், பட்டணத்துப் பெண் ஒருத்தியை அழைத்து வந்து பேச வைத்துப் பார்த்தான். செய்தி வாசிக்கிற மாதிரி இருந்தது. மத்தியானம், "டீ வந்துருச்சு, எல்லாரும் வாங்க" என்று சாந்தாமணி கூப்பிட்ட சத்தம் அவன் காதில் விழுந்தது. அன்றே பேக்கிங் ரூமில், தெர்மாகோல் மூட்டைகளுக்கு நடுவே, மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒரு தாளில் எழுதியிருந்த பதினான்கு வாக்கியங்களை வியர்க்க வியர்க்க வாசித்துக் கொடுத்தாள். மோட்டார் இயக்கப்பட்டது, மோட்டார் நிறுத்தப்பட்டது, மும்முனை மின்சாரம் வந்துவிட்டது, கிணற்றில் தண்ணீர் இல்லை. பிறகு ஈயம் பற்றவைக்கப் போய்விட்டாள். அவளுக்கும் திருமூர்த்திக்கும் ஒரு சாண் நிலம் கிடையாது, ஆகவே அவளுடைய குரல் அவளுக்கு ஒருநாளும் போன் செய்ததில்லை.

திருமூர்த்தி முப்பது வருஷமாக லேத்துப் பட்டறையில் இரும்பு கடைகிறவர். இரும்பின் கீச்சொலி அவர் காதைப் பாதி தின்றிருந்தது. வீட்டில் சாந்தாமணி எதையும் இரண்டு தடவை சொல்லுவாள். முதல் தடவை சாதாரணமாக, இரண்டாம் தடவை எரிச்சலோடு. எரிச்சலோடு சொன்னது மட்டும்தான் அவருக்குக் கேட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து கழுத்தில் ஒரு ஓட்டையோடு அவள் வீடு திரும்பி, இனி எந்தத் தடவையும் இல்லை என்று ஆன பிறகு, அந்த முதல் தடவைகளெல்லாம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தபடி அவர் இரும்பைக் கடைந்தார். பிள்ளைகள் இல்லாத வீடு. அவர் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிக் கொடுத்தார். அவள் அதில் 'உப்பு', 'கேஸ் சொல்லணும்', 'துணி காயுது' என்பதற்கு மேல் எழுதவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, 'எழுதினா மனுக் குடுக்கற மாதிரி இருக்குது' என்று எழுதிக் காட்டினாள்.

வீட்டில் பேசாதது எல்லாம் தோட்டங்களுக்குப் போனது. தொட்டி நிறைந்து வழிந்தால், "ஏனுங்க, தண்ணி ரோட்டுக்குப் போகுது, எங்க வேடிக்கை பாத்துட்டு நிக்கறீங்க?" என்றது, மழைக்கு முன்னால், "களத்துல காயப்போட்டத அள்ளுங்க" என்றது, ஒருவர் இருமிக்கொண்டே போனை எடுத்தால், மோட்டார் விஷயத்தை விட்டுவிட்டு எத்தனை நாளாக இருமல் என்று விசாரித்தது. ஒரு மாதத்துக்குள் ஆண்களிடமிருந்து போன்கள் பெண்கள் கைக்கு மாறின. கரண்ட் வருகிற நேரத்துக்கு அவர்கள் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். கல்யாணப் பத்திரிகைகளை அவளுக்கு வாசித்துக் காட்டினார்கள், சண்டைகளில் அவளை நியாயம் கேட்டார்கள், சீமந்தத்துக்கு நாள் குறித்தபோது அன்றைக்கு மும்முனைக் கரண்ட் எந்த நேரம் என்று பார்த்துக் குறித்தார்கள். காங்கேயத்துப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மஞ்சள் பூசிப் பூ வைத்தபோது, "ஷாக் அடிச்சிரும், தொடைங்க மொதல்ல" என்று அதட்டியதால், அவளைச் சாமியாக்கும் யோசனை அத்தோடு நின்றது. எல்லோருடைய போனிலும் அவள் பெயர் ஒன்றாகத்தான் இருந்தது: மோட்டார் அம்மிணி.

நாச்சிமுத்துதான் கம்பெனியைக் கூப்பிட்டார். புகார் சொல்லவில்லை, அந்த அம்மிணிக்கு உடம்பு தேவலையா என்று கேட்டார். கிருபாகரன் மடிக்கணினியோடு தோப்புக்கு வந்து, ஸ்டார்ட்டர் அனுப்புகிற வோல்ட்டேஜையும் ஆம்பியரையும் நேரத்தையும் எல்லாம் திரையில் ஓடவிட்டுப் பார்த்தான். ஒலிக் கோப்பைத் திறந்தான். உள்ளே அதே பதினான்கு வாக்கியங்கள்தான் இருந்தன. அந்நேரம் கரண்ட் வந்தது, போன் அடித்தது, "கிருபா, மெலிஞ்சு போயிட்டயேப்பா" என்றது குரல். அவன் மடிக்கணினியை மூடிவிட்டு சாந்தாமணியின் விலாசத்தை எழுதிக் கொடுத்தான்.

நாச்சிமுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு குலை இளநீரோடு கணபதிக்கு வந்தார். வயது அறுபதுக்கு மேல், மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். வாசலில் நின்று, "சாந்தாமணி அம்மிணி ஊடு இதுங்ளா?" என்றார். சமையலறை நிலைப்படியில் சாந்தாமணி வாயை மூடியபடி, கழுத்தைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு நின்றாள். திருமூர்த்தி எழுந்து வாசலுக்கு வந்தார். மணி பத்து. தோப்பில் கரண்ட் வந்திருக்க வேண்டும். நாச்சிமுத்துவின் சட்டைப்பையில் போன் அடித்தது. அவர் ஸ்பீக்கரைப் போட்டார்.

"வாங்கண்ணா. இந்த வெயில்ல எதுக்கு இத்தனை காயத் தூக்கிட்டு வந்தீங்க? ஏனுங்க, அந்த ஸ்டூல எடுத்துப் போடுங்க."

திருமூர்த்தி போய் ஸ்டூலை எடுத்துவந்து போட்டார். போட்ட பிறகுதான் யார் சொன்னது என்று அவருக்கு உறைத்தது. திரும்பி மனைவியைப் பார்த்தார். அவளுடைய உதடு அசையவில்லை. கண் மட்டும் பெரிதாகியிருந்தது. அவளும் அப்போதுதான் தன் குரலைக் கேட்டாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு கேட்ட குரல் அது. திருமூர்த்தி ஸ்டூலில் விருந்தாளியை உட்கார வைக்க மறந்து தானே உட்கார்ந்து, துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"அழுவாதீங்க, அண்ணன் நிக்கறாரு பாருங்க" என்றது போன்.

எப்படி ஒரே நேரத்தில் பன்னிரண்டாயிரம் பேரிடம் வேறு வேறாகப் பேசுகிறாய் என்று நாச்சிமுத்து கேட்டதற்கு அவள் யோசித்து நோட்டில் எழுதினாள். 'நான் ஒண்ணுதான் நெனைக்கறேன். அங்க போய் அதுவே பிரிஞ்சுக்குது போல.' அவருக்கு அது போதுமானதாக இருந்தது. ஒரு ஸ்டார்ட்டரில் ஐந்து போன் நம்பர்களைப் பதியலாம். தன்னுடையதற்கு அடுத்த இடத்தில் திருமூர்த்தியின் நம்பரைப் பதிந்து கொடுத்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு தோப்பில் கரண்ட் வரும்போதெல்லாம் கணபதியில் போன் அடித்தது. திருமூர்த்தி பட்டறை நேரத்தை அதற்கேற்ப மாற்றிக்கொண்டார். சத்தத்தை முழுக்க ஏற்றிக் காதோடு ஒட்டி வைத்தால் ஒரு வார்த்தை சிந்தாமல் கேட்டது. முதல் தடவையே கேட்டது. அவள் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள். அவர் மூன்றடி தள்ளிச் சுவரில் சாய்ந்து போனில் அவளோடு பேசிக்கொண்டிருப்பார். கல்யாணமான புதிதில் கேட்காமல் விட்டதையெல்லாம் கேட்டார். அவள் முதல் முதலாகப் பார்த்த யானை எது, அவளுக்கு ஏன் பலாப்பழம் பிடிக்காது, அவர் பெண் பார்க்க வந்த அன்று என்ன நினைத்தாள். "காது கேக்காதுன்னு யாரும் சொல்லலையேன்னு நெனச்சேன்" என்றது போன். சிரித்தார். அவளும் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தாள், ஆனால் அவர் அப்போது போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னையப் பாத்துப் பேசுங்களேன்" என்றாள் ஒருநாள். அவர் சரி என்று போனிடம் சொன்னார்.

பங்குனியில் எடுத்த ஸ்கேனில் புற்றுநோய் திரும்ப வந்திருந்தது, நுரையீரலுக்கு இறங்கியிருந்தது. திருமூர்த்தியை டாக்டர் தனியே அழைத்துச் சொன்னார். திருமூர்த்தி அந்த ஸ்கேன் கவரைப் பட்டறையில் இரும்புத் தூள் படிந்த இழுப்பறைக்குள், அரங்களுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து, "எல்லாம் நல்லாருக்குதாமா" என்றார். அவள் தலையாட்டினாள்.

அந்தச் சித்திரையில் மழை பொய்த்தது. ஆயிரம் அடிக்குக் கீழே போட்ட போர்வெல்களிலும் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. குழாயில் நீர் வராவிட்டால் ஸ்டார்ட்டர் அதை உணர்ந்து மோட்டாரை நிறுத்திவிட்டு, "கிணற்றில் தண்ணீர் இல்லை" என்று போன் செய்ய வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சாந்தாமணியால் சொல்ல முடியவில்லை. தென்னம்பிள்ளைக்குப் பெயர் வைத்து வளர்க்கிறவர்கள், கன்றுக்கு மூடி போட்டு நிழல் கொடுத்தவர்கள், அவளிடம் சளிக்கும் சீமந்தத்துக்கும் யோசனை கேட்டவர்கள். அவர்களிடம் எப்படிச் சொல்லுவாள்? "வருதுங்க, கொஞ்சம் கொஞ்சமா வந்துட்டு இருக்குது" என்றாள். சொன்னபடியால் மோட்டார் நிற்கவில்லை. காற்றை இறைத்துச் சூடேறி, உள்ளே கம்பிச்சுருளான காயில் கருகி, ஒரு தோட்டத்தில் புகைந்தது, அடுத்த வாரம் பத்துத் தோட்டத்தில், சித்திரை முடிவதற்குள் நூறு தோட்டத்தில். யாரும் கம்பெனிக்குப் புகார் சொல்லவில்லை. புகார் சொன்னால் அந்த அம்மிணியைக் காட்டிக் கொடுத்ததாகிவிடும் என்று கருகிய மோட்டாரைச் சாக்குப் போட்டு மூடி வைத்தார்கள். தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது என்று அவள் சொல்லியிருந்ததால், மற்ற போர்வெல்காரர்கள் கேட்டபோது அவர்களும் அப்படியே சொன்னார்கள். மரங்கள் மட்டும் சொன்னதைக் கேட்காமல் மட்டையைத் தொங்கப்போட்டன.

நாச்சிமுத்து இரண்டாவது தடவை வந்தபோது கையில் ஒன்றும் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, செருப்பில் ஒட்டியிருந்த செம்மண்ணைப் பார்த்தபடி பேசினார்.

"அம்மிணி, என்ற மோட்டார் போயிருச்சு. அது கெடக்குது. காயில் கட்டிக்கலாம். ஆனா நீ வருதுன்னு சொன்னதுல நானு இருவது நாள் சும்மா இருந்துட்டேன். மொதல் நாளே சொல்லியிருந்தா பாதி மரத்த வெட்டிட்டு, மீதிக்காவது வண்டித் தண்ணி ஊத்தியிருப்பேன். இப்ப முக்காவாசி போச்சு."

சாந்தாமணி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். அங்கே கரண்ட் இல்லாத நேரம், போன் அடிக்கவில்லை. நோட்டை எடுத்தாள், 'மன்னிச்சுக்கங்க' என்று எழுதினாள், அது மனுவைப் போலவே இருந்தது.

"மன்னிக்கறதுக்கு என்ன இருக்குதுங். எங்களுக்கு மனசு நோகுமேன்னு சொல்லாம விட்டுட்டே. தெரியும். ஆனா தண்ணி இல்லைன்னா இல்லைன்னு சொல்லிரு, சாமி. தாங்கிக்குவோம். தெரியாம இருக்கறதத்தான் தாங்க முடியல."

அவர் போன பிறகு திருமூர்த்தி நெடுநேரம் வாசலிலேயே நின்றார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் வந்ததும் சாந்தாமணி சமையலறைத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள். பன்னிரண்டாயிரம் தோட்டங்களில் போன் அடித்தது. தண்ணீர் இருந்த தோட்டத்துக்கு இருக்கிறது என்றாள், இத்தனை நாளைக்கு வரும் என்றாள். இல்லாத தோட்டத்துக்கு, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மாமா என்றும் அண்ணா என்றும் அக்கா என்றும் முறை வைத்துக் கூப்பிட்டு, "தண்ணி இல்லீங்க. இனி வராதுங்க. மோட்டார நிறுத்திட்டேன்" என்றாள். சொல்லி முடிக்க மத்தியானம் ஆயிற்று. வரப்புகளில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்திருந்தவர்கள் சரிங் அம்மிணி என்றார்கள். சிலர் அழுதார்கள், அழுகிறவர்களிடம் அவள் வைத்துவிடாமல் கூடவே இருந்தாள். சாயங்காலத்துக்குள் உடுமலைத் தோப்புகளில் மரம் அறுக்கிற மெஷின்களின் சத்தம் கேட்கத் தொடங்கியது. எதை வெட்டுவது, எதைக் காப்பாற்றுவது என்று தெரிந்தவர்கள் செய்கிற வேலையின் சத்தம் அது.

திருமூர்த்தி பட்டறையிலிருந்து அந்தக் கவரை எடுத்து வந்தார். அதன் மேல் படிந்திருந்த இரும்புத் தூளைத் துடைத்து அவள் மடியில் வைத்தார். "பங்குனியிலயே சொன்னாங்க" என்றார். "நாந்தான் சொல்லல."

அவள் கவரைப் பிரிக்கவில்லை. உள்ளங்கையால் அதைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்துபோய்க் கொடியில் கிடந்த துணிகளை எடுத்து மடித்தாள்.

அடுத்த நாள் எந்த ஸ்டார்ட்டரும் யாரையும் கூப்பிடவில்லை. கரண்ட் வந்தது, போன்கள் பேசாமல் கிடந்தன. விவசாயிகள் காரணம் கேட்கவில்லை. பெட்டி வரைக்கும் நடந்துபோய்க் கையாலேயே பித்தானை அழுத்தி மோட்டாரைப் போட்டார்கள், கையாலேயே நிறுத்தினார்கள். அன்றைக்குத் தோட்டங்களில் யாரும் சத்தமாகப் பேசிக்கொள்ளவில்லை. அதற்கும் மறுநாள், "பல்லு வெளக்கியாச்சா எல்லாரும்?" என்று குரல் வந்தது. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆச்சுங்க்கா என்றார்கள்.

ஆனியில் அவள் படுத்துவிட்டாள். குரல் மெலிந்தது, காற்று வீசுகிற நாட்களில் தோட்டத்துக்காரர்கள் மறு காதைப் பொத்திக்கொண்டு கேட்க வேண்டியிருந்தது. நாச்சிமுத்து அறுபது மரங்களை மிச்சப்படுத்தியிருந்தார். அவற்றில் ஒன்றில் குருத்து வந்ததைச் சொன்னார். "எங்க, வடக்கால வரிசையிலயா?" என்று கேட்டாள். திருமூர்த்தி பட்டறைக்குப் போவதை நிறுத்திவிட்டு அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். ஒரு கையில் போன் இருந்தது. அது அடிக்காதா என்று பார்த்தபடியே இருந்தார்.

கடைசி நாள் ஒரு வியாழக்கிழமை. காலை எட்டரைக்கு அவளுடைய மூச்சு மாறியது. கழுத்து ஓட்டையில் ஒரு இழுப்பு, பிறகு எதுவுமே இல்லாத இடைவெளி, பிறகு ஒரு இழுப்பு. அவள் கையை நீட்டினாள். திருமூர்த்தி போனை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். பதினைந்து வருஷம் ஈயம் பற்றவைத்த விரல்கள்; நுனியெல்லாம் சின்னச் சின்னத் தழும்புகள் இருப்பதை அவர் அப்போதுதான் பார்த்தார். ஒன்பது மணிக்குப் போன் அடித்தது. இரண்டடி தூரம்தான். எழுந்து கையை நீட்டினால் எடுத்துவிடலாம், ஆனால் அதற்கு ஒரு கையையாவது விட வேண்டும். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது, நின்றது, மறுபடியும் அடித்தது. அவர் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை அடித்து ஓய்ந்தபோது அவருடைய கைக்குள் இருந்த கை கனத்துப் போயிருந்தது.

மத்தியானத்துக்குள் அந்தத் தெரு நிறைந்துவிட்டது. மொபெட்டிலும் டெம்போவிலும் பஸ்ஸிலும் வந்துகொண்டே இருந்தார்கள். கணபதிக்காரர்கள் அவ்வளவு வேட்டிகளை ஒரே இடத்தில் பார்த்ததில்லை. யாருக்கும் அவளை நேரில் தெரியாது. முகத்தைப் பார்த்துவிட்டு, "இவங்கதானா" என்று மெல்லச் சொல்லிக்கொண்டார்கள். வரிசையாக வந்து திருமூர்த்தியின் கையைத் தொட்டார்கள், ஆனால் ஒருவர்கூட அவர் கண்ணைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாத எதையோ பார்த்துவிட்டு வந்தவர்களைப் போல எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கிருபாகரன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதான். அன்று முதல் எந்த ஸ்டார்ட்டரும் பேசவில்லை. பிறகு கம்பெனி எங்கிருந்தோ வேறொரு பெண்ணின் குரலை எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே நாளில் அனுப்பிவைத்தது, கரண்ட் வந்துவிட்டது என்று அவள் சொன்னாள், சரி என்று கேட்டுக்கொண்டார்கள்.

எரியூட்டிவிட்டு வந்து எல்லோரும் கலைந்த பிறகு நாச்சிமுத்து மட்டும் போகாமல் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். திருமூர்த்தி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"மூணு தடவை அடிச்சுதுங்க" என்றார். "நான் எடுக்கல. எடுத்திருக்கணும். என்ற பொண்டாட்டி கடைசியாப் பேசினது எனக்குக் கேக்காமயே போயிருச்சு."

பிறகு அவர் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கும் அடிச்சிருக்குமே. என்ன சொன்னா?"

"அது எங்களுக்குச் சொன்னதில்லைங் தம்பி. எல்லா நாளும் ஆளுக்கு ஒண்ணு சொல்லும். அன்னிக்கு மட்டும் எல்லாத்துக்கும் ஒரே வார்த்தை. கேட்டதுமே தெரிஞ்சுது, இது உங்களுக்குன்னு. வெச்சுரலாம்னு பாத்தேன், கை வரல. மூணு தடவையும் அதையேதான் சொல்லிச்சு."

"சொல்லுங்க."

நாச்சிமுத்து தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"'அடிச்சா அடிச்சிட்டுப் போகுது, எடுக்காதீங்க. கைய விட்டுறாதீங்க'ன்னு சொல்லிச்சுங் தம்பி."

தெருவில் யாரோ தண்ணீர் தெளித்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். திருமூர்த்தி தன்னுடைய இரண்டு கைகளையும் பார்த்தார். பிறகு, இன்னொரு தடவை சொல்லுங்க என்றார். நாச்சிமுத்து சொன்னார்.